பழைய பற்றன், இன்றைய தோள்: கல்லடியில் ஒரு கார்டிகனை மாற்றிப் பின்னிய விபரம்

பழைய நிட்டிங் பற்றன் (பின்னும் முறையும் எண்ணிக்கையும் எழுதிய தாள்) ஒன்றைப் பெரிய அளவுக்கு மாற்றச் சொன்னால் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தடித்த நூலையும் தடித்த ஊசியையும் எடுத்துக்கொண்டு தாளில் உள்ள எண்ணிக்கையை அப்படியே பின்னுகிறார்கள். இல்லாவிட்டால் எல்லா எண்ணையும் ஒரே விகிதத்தில் கூட்டிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் மார்புச் சுற்று சரியாக வரும், தோள்தான் கெட்டுப்போகும். கை பொருத்தும் இடம் தோளை விட்டு இறங்கித் தொங்கும், கழுத்து அகன்று விரியும். பின்னியவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு அதை அலுமாரிக்குள் வைத்துவிடுவார். குறை கையில் இல்லை. உடம்பு பருக்கும்போது எலும்பும் சேர்ந்து பருப்பதில்லை. அந்தக் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எழுதுவது ஒரே ஒரு கார்டிகனைப் பற்றி. எண்களை முழுதாகத் தருகிறேன், வேறு பற்றனோடு மல்லுக்கட்டுகிறவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

கேட்டது

மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஊரில் எல்லாருக்கும் ரீச்சர், தன் தாய் வைத்திருந்த பற்றன் தாளைக் கொண்டுவந்தார். தாய் மிஷன் பாடசாலை ஒன்றில் தையல் படிப்பித்தவர். மெதடிஸ்த மிஷன் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். அதன் பின் எழுந்த பெண்கள் பாடசாலைகள் வழியாகத்தான் இந்த வெயில் ஊருக்குள் கம்பளி நூலும் நிட்டிங் ஊசியும் வந்து சேர்ந்தன.

"இத என்ர பேத்திக்குப் பின்னவேணும் புள்ள. பூ மாறக்கூடா. ஆனா அவளுக்கு அளவா இருக்கவேணும்" என்றார் ரீச்சர்.

பேத்திக்கு வங்கியில் வேலை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஏசி நாள் முழுக்க ஓடும். வேலைக்குப் பெரும்பாலும் சாறி. கடையில் வாங்கிய மெல்லிய கார்டிகன் ஒன்றை மேலே போட்டுக்கொள்வாள். அது இடது தோளில் இழுபடும், வலது தோளில் சுருங்கும், பட்டன் பூட்டினால் நெஞ்சில் வாய் பிளக்கும். எனவே நவீன அளவு என்று நாம் தேடியது வெளிநாட்டு உடுப்பு அட்டவணையில் உள்ள அளவை அல்ல. சாறிக்கு மேல் போட்டு, கணினிக்கு முன்னால் கை நீட்டி வேலை செய்யக்கூடிய ஒரு அளவை.

தாள்

ஒரே தாள், நாலாக மடித்தது, மடிப்பில் நைந்தது. இப்படியான பழைய தாள்களில் வருடம் போடும் வழக்கம் அதிகம் இல்லை. ஆனாலும் உள்ளே இருப்பதை வைத்துக் காலத்தைப் பிடிக்கலாம். 'கூப்பன் மிச்சம்' என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்தது. பிரிட்டனில் உடுப்பைப் பங்கீடாகக் கொடுத்துக் கூப்பன் வைத்திருந்தது 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை. கார்டிகனும் அந்தக் காலத்து வடிவம்தான்: நாரியில் நிற்கும் குட்டை உடம்பு, 3½ அங்குல ரிப் (ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் வரிப் பின்னல்), தோளில் பஞ்சு வைத்து நிமிர்த்திய அகலம், மேலே சுருக்கிப் பொங்க வைத்த கை. நாரிக்கு மேலே ஏறிக் கட்டும் பாவாடைக்குப் பொருத்தமாக வெட்டிய உருவம் அது.

அளவு 34 அங்குல மார்பு. நூல் 3 பிளை (நூலின் தடிப்பத்தைச் சொல்லும் பெயர்) கம்பளி, 7 அவுன்ஸ், கிட்டத்தட்ட 200 கிராம். ஊசி 11ஆம் நம்பர், ரிப்புக்கு 13ஆம் நம்பர். ரென்ஷன், அதாவது பின்னலின் நெருக்கம், ஒரு அங்குலத்துக்கு 8 கண்ணி (ஊசியில் ஏறும் ஒரு வளையம் ஒரு கண்ணி), 10 வரிசை.

ஊசி நம்பரில் கவனம் தேவை. பழைய பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். 11 என்றால் 3 மில்லிமீற்றர், 13 என்றால் 2.25. அமெரிக்க, கனேடியக் கடைகளில் நம்பர் எதிர்ப்பக்கமாக ஓடும், அங்கே 11 என்பது 8 மில்லிமீற்றர். ரீச்சரின் மகள் ரொறன்ரோவில் இருந்து ஆசையாக வாங்கி அனுப்பிய 11ஆம் நம்பர் ஊசி ஒரு பென்சிலை விடத் தடிப்பமாக வந்து சேர்ந்தது. மில்லிமீற்றரில் கேட்டு வாங்கினால் இந்தக் குழப்பம் வராது.

பூவைப் பற்றிச் சொல்லவேண்டும், ரீச்சருக்கு முக்கியம் அதுதான். ஓட்டைப் பின்னலில் ஒரு சின்ன இலை. 10 கண்ணி அகலம், 12 வரிசை உயரம். தாளில் அது எழுத்தில் மட்டும் இருந்தது, படம் இல்லை. நான் முதலில் செய்தது அதைச் சதுரக் கோட்டுக் கொப்பியில் வரைந்தது. ஒரு சதுரம் ஒரு கண்ணி. நூலை முன்னால் கொண்டுவந்து ஓட்டை போடும் இடத்தில் ஒரு வட்டம், இரண்டைச் சேர்த்துப் பின்னும் இடத்தில் ஒரு சாய்கோடு. ஒரு ஓட்டை ஒரு கண்ணியைக் கூட்டும், ஒரு சேர்ப்பு ஒரு கண்ணியைக் குறைக்கும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் வட்டமும் சாய்கோடும் சமமாக இருக்கவேண்டும்.

7ஆவது வரிசையில் அது சமமாக இல்லை. அச்சில் ஒரு ஓட்டை கூடுதலாக இருந்தது, அப்படியே பின்னினால் ஒவ்வொரு இலைக்கும் ஒரு கண்ணி பெருகிக்கொண்டு போகும். தாளைத் திரும்பவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் மெல்லிய பென்சில் கோடு தெரிந்தது. ரீச்சரின் தாய் அதைக் கண்டுபிடித்து அன்றைக்கே அடித்துவிட்டிருக்கிறார். பழைய தாள் கையில் கிடைத்தால் ஓரத்தில் உள்ள கிறுக்கலை முதலில் வாசியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

உடம்பு

பேத்தியை வேலைக்குப் போகும் கோலத்திலேயே வரச்சொன்னேன். சாறி உடுத்து, முந்தானையை மடித்துப் பின் குத்தி. அந்தக் கோலத்தில்தான் அளவு எடுத்தேன்.

மார்பு 41 அங்குலம். மார்புக்கு மேலே, அக்குள் ஒட்டிச் சுற்றினால் 37. தோளில் இருந்து தோளுக்கு முதுகுப் பக்கம் 14½. மேல்கை 13½. இடுப்பு 43. இந்த ஐந்து எண்ணில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் வேலையைத் தீர்மானித்தன. 41க்கும் 37க்கும் இடையில் 4 அங்குல வித்தியாசம். அதாவது அவளுடைய அகலம் முன்பக்கத்தில் இருக்கிறது, முதுகில் இல்லை. பழைய தாளோ முன்னையும் பின்னையும் ஒரே அகலத்தில் பின்னச் சொல்கிறது.

முந்தானை மடிப்பு இடது தோளில் ஒரு தடிப்பைச் சேர்க்கிறது. நாடாவைத் தோள்மேலே போட்டு அக்குள் வழியாகச் சுற்றிப் பார்த்தால் இடது பக்கம் வலதை விட அரை அங்குலத்துக்கு மேல் கூடுதல். கடைக் கார்டிகன் ஏன் இடப்பக்கம் இழுபடுகிறது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்தது.

நூல்

கம்பளி வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்தோம். பஸ்ஸில் வியர்த்து வந்து ஏசிக்குள் நுழைபவளுக்குப் பருத்திதான் சரி. நிட்டிங்குக்கு என்று முறுக்கிய பருத்தி நூல் ஒரே நிறத்தில் வேண்டிய அளவுக்கு இங்கே கிடைப்பது கஷ்டம். ஆனால் எங்களுக்குத் தெற்கே, கல்முனைக்குப் பக்கத்தில், மருதமுனை இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் கைத்தறிக் கிராமம். சாறியும் சாரமும் நெய்கிற நூல் அங்கே சிட்டம் சிட்டமாகக் கிடைக்கும்.

நாங்கள் எடுத்தது மயில் நீலத்தில் 40ஆம் நம்பர் இரட்டைப் புரி. தறிக்கான நூல் இழை மெல்லியது, அப்படியே பின்ன ஏலாது. எத்தனை இழையைச் சேர்க்கவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு இறாத்தலில் 840 யார் கொண்ட சிட்டம் எத்தனை என்பது. 40ஆம் நம்பரை இரட்டையாக முறுக்கினால் அது 20ஆம் நம்பருக்குச் சமம். 840ஐ 20ஆல் பெருக்கினால் இறாத்தலுக்கு 16,800 யார். பத்து இழையைச் சேர்த்தால் 1,680 யார். இதை மாற்றிச் சொன்னால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மீற்றர், அதாவது பருத்தியில் 4 பிளை நூலின் தடிப்பம். பத்து இழையையும் சும்மா சேர்த்துப் பிடித்துப் பின்னினால் ஊசி நுனி இழைகளுக்குள் புகுந்து சிக்கும். அதனால் அங்கேயே ஒருவரிடம் கொடுத்து முறுக்கி எடுத்தோம்.

பின்னுவதற்கு முன்னால் சாயம் சோதிக்கவேண்டும். நனைத்த நூலை வெள்ளைத் துணியில் சுற்றிப் பிழிந்து பார்த்தோம். துணியில் நிறம் பிடிக்கவில்லை. சரி, அப்புறம் மாதிரித் துண்டு.

3.25 மில்லிமீற்றர் ஊசியில், இலைப் பூவிலேயே, ஆறு அங்குலச் சதுரம் ஒன்று. ஊசியில் இருந்து இறங்கியதும் அங்குலத்துக்கு 6½ கண்ணி, 8½ வரிசை. வீட்டில் உடுப்புத் தோய்க்கும் விதமாகவே தோய்த்து, பாயில் விரித்து நிழலில் காயவிட்டால் அகலம் மாறவில்லை, உயரம் சுருங்கி 9 வரிசையாகிவிட்டது. பின்பு கீழோரத்தில் உடுப்புக் கிளிப் வரிசையாகப் போட்டு இரவு முழுக்கத் தொங்கவிட்டேன், 8¾க்கு இறங்கியது. நீளக் கணக்கு எல்லாவற்றுக்கும் இந்த 8¾ஐத்தான் எடுத்தேன். கம்பளி தானாகச் சுருண்டு பழைய இடத்துக்கு வரும், பருத்தி வராது. தன் பாரத்திலேயே கீழே இழுபடும். பருத்தியில் தோய்க்காத, தொங்கவிடாத துண்டை அளந்து கணக்குப் போடுவது வீண்வேலை.

கணக்கு

இங்கேதான் பற்றன் ஆளை ஏமாற்றப் பார்க்கிறது. பழைய தாளில் பின்பக்கம் 141 கண்ணி, அதாவது 14 இலையும் ஒரு கண்ணியும். முன்பக்கம் ஒவ்வொன்றும் 71. மொத்தம் 283, மூட்டு தைப்பதில் 4 போனால் 279. பழைய ரென்ஷனில் 8ஆல் வகுத்தால் 35 அங்குலம் அளவில் வரும். புது நூலில் 6½ஆல் வகுத்தால் 43 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு அங்குலப் பட்டன் பட்டியைச் சேர்த்தால் 44. எங்களுக்கு வேண்டியதும் 44தான், 41 மார்புக்கு 3 அங்குலத் தளர்வு. ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் பின்னத் தொடங்கலாம் போலத் தோன்றும்.

தோளைப் பாருங்கள். பழைய தாளில் கைக்குழி குறைத்து முடிந்ததும் பின்பக்கம் 109 கண்ணி மிஞ்சும். அந்தக் காலத்தில் அது 13½ அங்குலம், பஞ்சு வைத்த தோளுக்கு அளவு. புது நூலில் அதே 109 கண்ணி 16½ அங்குலம். பேத்தியின் முதுகு 14½. இரண்டு அங்குலம் கைப்பக்கம் வழிந்து விழும், போதாததற்குப் பொங்கு கையும் சேர்ந்தால் பார்க்கவே முடியாது.

ஆகவே தாளில் இருந்து இலையை மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பைப் புதிதாகக் கட்டினேன். பின்பக்கத்தை ஒரு இலை குறைத்து 131 கண்ணியாக வைத்தேன். குறைந்ததை முன்பக்கத்துக்குக் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் 76 கண்ணி. 71 போக மிஞ்சும் 5 கண்ணியும் பக்க மூட்டை ஒட்டிப் பூ இல்லாமல் பிளேனாகப் போகும், கைக்குக் கீழே மறைந்துவிடும். சுற்று அதே 44. ஆனால் அகலம் இப்போது வேண்டிய இடத்தில் இருக்கிறது.

பின்பக்கக் கைக்குழியில் இரு பக்கமும் 18 கண்ணி வீதம் குறைத்தால் 95 மிஞ்சும். மூட்டு போக 14¼ அங்குலம் அளவில் நிற்கும். தோளுக்கு 26, கழுத்துக்கு 43, மறு தோளுக்கு 26. முன்பக்கத்தில் தோளுக்கு அதே 26தான் வேண்டும், ஆகவே 50 கண்ணி குறையவேண்டும். எல்லாவற்றையும் கைக்குழியில் தள்ளினால் அக்குள் குடைந்துவிடும். எனவே கைக்குழிப் பக்கம் 24, கழுத்துப் பக்கம் 26. அதற்காக வட்டக் கழுத்தை வீ கழுத்தாக மாற்றினேன். நெஞ்சில் இருக்கும் மிச்ச அகலத்தைக் கழுத்துச் சரிவு மெதுவாக எடுத்துக்கொள்கிறது, சாறியின் மடிப்பும் தொண்டையில் முட்டாது. ரீச்சர் இதற்கு உடனே சம்மதிக்கவில்லை. பழைய படத்தில் கழுத்து வட்டம். மாதிரித் துண்டை மடித்துப் பேத்தியின் கழுத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் "மறுகா என்ன, போடு" என்றார்.

கழுத்துச் சரிவிலும் கைக்குழியிலும் இலை பாதியில் அறுபடும். பழகியவர்களும் தடுமாறும் இடம் இது. ஓரத்தில் ஒரு சேர்ப்பு வெட்டுப்பட்டுப் போனால் அதன் துணையான ஓட்டையையும் விட்டுவிடவேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டும் போகட்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் நாம் குறைத்தது எது, பூ கூட்டியது எது என்று நாலு வரிசைக்குள் தெரியாமல் போய்விடும். சதுரக் கொப்பியில் கழுத்துச் சரிவை ஒரு கோடாக வரைந்து, கோட்டில் வெட்டுப்படும் ஜோடிகளைச் சிவப்பால் அடித்துவிட்டுத்தான் ஊசியைத் தொட்டேன்.

நீளம் 12 வரிசை இலைக்கு அளவாக விழுந்தது. ரிப் 2½ அங்குலம். அதற்கு மேல் அக்குள் வரை 9 இலை, 108 வரிசை. கைக்குழி 6 இலை, 72 வரிசை, அதாவது 8¼ அங்குலம். மொத்தம் 23 அங்குலம். சாறி இல்லாமல் என்றால் கைக்குழிக்கு 7¾ போதும், அரை அங்குலம் முந்தானைக்காக. இரு பக்கமும் ஒரே அளவாகவே வைத்தேன், சாறி இல்லாத நாளிலும் அவள் போடவேண்டுமே. முன்பக்கத்தை மட்டும் அக்குளுக்குக் கீழே 6 வரிசை கூடப் பின்னி, பக்க மூட்டில் மார்பு உயரத்தில் அந்த முக்கால் அங்குலத்தையும் மெதுவாக அடக்கித் தைத்தோம். அது இல்லாவிட்டால் முன்னோரம் பின்னோரத்தை விட மேலே ஏறி நிற்கும்.

தோளின் கடைசி 12 வரிசை, ஒரு இலை உயரம், ஓட்டையே இல்லாமல் பிளேன். முந்தானையில் குத்திய பின்னின் தலை ஓட்டைப் பின்னலில் மாட்டினால் நூல் இழுபட்டு வெளியே வரும். அதோடு உடுப்பின் பாரம் முழுவதும் தோளில்தான் தொங்குகிறது, அங்கே இறுக்கமான பின்னல் இருப்பது நல்லது. பழைய கார்டிகன் 200 கிராம், இது முடிந்தபோது சுமார் 450 கிராம். தோள் மூட்டிலும் பின் கழுத்திலும் உள்ளே பருத்தி நாடா வைத்துத் தைத்தேன். பட்டன் பட்டிக்குள்ளும் அப்படியே.

கைகளை ரீச்சர் பின்னினார். அவருடைய பிடி என்னுடையதை விட இறுக்கம், அதனால் 3.5 ஊசியில் பின்னி அதே 6½க்குக் கொண்டுவந்தார். மேல்கையில் 101 கண்ணி, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடியும் நீளம். பொங்கு கை இல்லை. மேல் வளைவு 48 வரிசை, சுருக்கமில்லாமல் கைக்குழியில் அடங்கியது. ரிப்பை 2.75 ஊசியில் கண்ணியின் பின்காலில் பின்னி முறுக்கு ரிப்பாகப் போட்டோம். பருத்தி ரிப் கம்பளி மாதிரி இறுக்கிப் பிடிக்காது, முறுக்கினால் ஓரமாவது விரியாமல் இருக்கும்.

போட்டுப் பார்த்தபோது

தோள் மூட்டு எலும்பின் மேலேயே உட்கார்ந்தது. பட்டன் பூட்டினால் நெஞ்சில் வாய் பிளக்கவில்லை. கையை முன்னால் நீட்டினாலும் முதுகு இழுபடவில்லை. மாதக்கணக்கில் போட்டுத் தோய்த்த பிறகு உடம்பு நீளத்தில் கால் அங்குலம் போல இறங்கியிருக்கிறது, அவ்வளவு எதிர்பார்த்ததுதான். வலது கை விளிம்பு ரிப் கொஞ்சம் தளர்ந்துவிட்டது, அவள் அதை மேலே தள்ளிவிட்டு வேலை செய்கிறாள். அதற்குள் மெல்லிய இலாஸ்ரிக் நூல் ஓடவிட்டிருக்கிறேன். கொடியில் தொங்கப்போடக்கூடாது, விரித்துத்தான் காயவிடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஈரப் பருத்தியின் பாரத்துக்கு எந்த நாடாவும் ஈடுகொடுக்காது.

இப்போது ரொறன்ரோவில் இருக்கும் ரீச்சரின் மகளும் கேட்கிறார், அங்கே கம்பளியில். அவருக்கு 36 மார்பு. 3 பிளையில் பழைய 8 கண்ணி ரென்ஷனுக்கே பின்னினால் பின்பக்கம் 151, முன்பக்கம் 71 வீதம் போட்டுப் பட்டியோடு 37 அங்குலம் வரும். ஒரு அங்குலத் தளர்வு கம்பளிக்குப் போதும். பொங்கு கையும் நாரி ரிப்பும் அவருக்கு அப்படியே வேண்டுமாம், ரீச்சருக்குச் சந்தோஷம். கைக்குழிக் கணக்கை மட்டும் இன்னும் எழுதவில்லை. முதுகில் தோளுக்குத் தோள் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.